மூன்று தலைமுறைக் கொள்கை என் மகளோடு முடிகிறதா?

கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 64. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சியில் தனியாக இருக்கிறேன். ஒரே மகள், 29 வயது, கோயம்புத்தூரில் கணினித் துறையில் வேலை. வருகிற தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை எழுதிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்களுடையது லால்குடி வட்டாரத்துத் திராவிடர் கழகக் குடும்பம். 1957 நவம்பர் 26 அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டு என் அப்பா ஆறு மாதம் சிறையில் இருந்தார். அங்கே பிடித்த இருமல் கடைசிவரை அவரை விடவில்லை. வெளியே வந்து 1959-ல் புரோகிதர் இல்லாமல், தாலி இல்லாமல், வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணம் செய்துகொண்டார். அன்றைக்குச் சட்டம் அதைத் திருமணமாக ஏற்கவில்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்து, முன்னால் நடந்தவையும் செல்லும் என்று ஆக்கிய பிறகுதான் என் அம்மா சட்டப்படி மனைவி ஆனார். எனக்கு அப்போது ஆறு வயது. அதுவரை ஊரில் எங்களைப் பற்றிப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. எங்களுக்குக் கொள்கை சும்மா வரவில்லை அம்மா. விலை கொடுத்து வாங்கியது.

என் மகள் வயலூர் முருகன் கோயிலில்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்கிறாள். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தமாம். ஜாதகமே எழுதாத பெண்ணுக்கு இப்போது ஜாதகம் எழுத வேண்டுமாம். பிறந்த நேரம் என்ன என்று என்னிடமே போனில் கேட்டாள். நான் சொல்லவில்லை, வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளைப் பையன் மேல் எனக்குக் குறை கிடையாது. வேறு சாதி. அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை, அவர்கள் வீட்டில் தயங்கியபோது நானே நேரில் போய்ப் பேசினேன். என் குறை எல்லாம் அவள் மாறியதுதான். இரண்டு மூன்று வருடமாகக் குளித்துவிட்டு வந்ததும் ஒரு கீற்று திருநீறு. சஷ்டி என்றால் சாப்பிடுவதில்லை. என் வீட்டுக்கு வந்தாலும் அதேதான். என் அப்பா படம் மாட்டியிருக்கிற கூடத்தில், அவருக்கு நேர் எதிரே, நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்து காபி குடிக்கிறாள்.

கேட்டால் பதில் வேறு வைத்திருக்கிறாள். "அப்பா, நீங்க தாத்தா சொன்னதை எடுத்துக்கிட்டீங்க. நான் எனக்குள்ளேருந்து எடுத்துக்கிட்டேன்" என்கிறாள். நான் எடுத்துக்கொண்டேனா? படித்தேன், பேசினேன், பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கிரகணம் என்றால் என்ன என்று எலுமிச்சம்பழத்தை வைத்து விளக்கினேன். இது எடுத்துக்கொண்டதா?

எனக்குப் புரியாதது இதுதான். கடவுளே இல்லை என்று வளர்ந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு பக்தி எங்கிருந்து வரும்? என் ரத்தத்தில் இல்லை, என் அப்பா ரத்தத்தில் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அலுவலகமோ, அந்தப் பையன் வீடோ, யாரோ புகுத்தியிருக்கிறார்கள். தானாகத் தேர்ந்தெடுத்தேன் என்று அவள் சொல்வதை நான் நம்பவில்லை.

வீட்டில் அவளுக்குத் தப்பான உதாரணம் யாரும் காட்டவில்லை. என் இணையர் மண்ணச்சநல்லூர் பக்கம், பக்திக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் 1991-ல் எங்கள் வீட்டுக்கு வந்த நாள்முதல் ஒருநாள்கூடக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டதில்லை. நான் தடுத்ததும் இல்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேன். கேட்கவே இல்லை. அவ்வளவு தூரம் எங்களோடு ஒன்றிப்போனார். 1994-ல் மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தில் நான் தீச்சட்டி ஏந்தி வந்தேன். "தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே" என்று கோஷம் போட்டு வந்தோம். கடைத்தெரு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி என் உள்ளங்கையில் கொப்புளம். அவள்தான் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவினாள். உடம்புக்கு மட்டும் கொஞ்சம் முடியாதவள். பங்குனி வெயில் ஆரம்பித்தால் போதும், சோறு இறங்காது, ஒரு மாதம் முழுக்க மோர், இளநீர், பழம் அவ்வளவுதான். டாக்டரிடம் வா என்றால் வர மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினம் இளநீர் வாங்கிக்கொண்டுதான் வருவேன். அப்படி ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவள் இன்று வயலூரில் போய் நிற்கிறாள்.

மூன்று வருடம் முன்னால் என் இணையர் காலமானபோதே நான் கவனித்திருக்க வேண்டும். மின்மயானத்தில் எந்தச் சடங்கும் இல்லை, மகள்தான் முன்னால் நின்று வழியனுப்பினாள், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் கடைசி நேரத்தில் என் காதோடு வந்து, "அப்பா, ஒரே ஒரு சூடம் ஏத்திக்கட்டுமா" என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். தோழர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

உறவுக்காரர்கள் என்னை ஜாடையாகச் சிரிக்கிறார்கள். "மூணு தலைமுறை கறுப்புச் சட்டை, கடைசியில முருகன்கிட்ட வந்துட்டீங்களே" என்று ஒருவர் கேட்டே விட்டார். என் அப்பா சிறைக்குப் போனதெல்லாம் எதற்கு?

(இதற்கும் நான் கேட்பதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கல்யாணத்துக்காக அவள் அம்மாவின் பட்டுப்புடவையை எடுக்கப் போன மாதம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி மடித்திருந்தது. உள்ளே கையகல அட்டையில் சமயபுரம் மாரியம்மன் படம். விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு குங்குமப் பொட்டலம். துணியின் முனையில் காசு முடிந்திருந்தது, தடவிப் பார்த்தால் நாலணா போலிருக்கிறது, இப்போது செல்லாது. யாராவது கொடுத்ததை மறந்துபோய் வைத்திருப்பாள். என் பீரோவில் வைத்திருக்கிறேன். மகளிடம் சொல்லவில்லை.)

நான் கல்யாணத்துக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? கோயில் வாசலில் நான் எப்படி நிற்பது? நம்பிக்கை என்பது வழிவழியாக வருவதா, அவரவர் தேர்ந்தெடுப்பதா? தேர்ந்தெடுப்பது என்றால் மூன்று தலைமுறை உழைப்புக்கு என்ன அர்த்தம்? வழிவழியாக வருவது என்றால் என் மகளுக்கு ஏன் வரவில்லை?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத தந்தை, திருச்சி

பதில்

அன்புள்ள அய்யா,

அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். சம்பந்தமில்லை என்று நீங்கள் சொன்னாலும், கடிதம் முழுக்க அந்த மஞ்சள் துணியைச் சுற்றித்தான் இருக்கிறது.

மகள் திருநீறு பூசத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகிறது என்கிறீர்கள். அப்போதெல்லாம் நீங்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. பெட்டியைத் திறந்தது போன மாதம். இந்த மாதம் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். யாராவது கொடுத்ததை மறந்துபோய் வைத்திருப்பாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறிவியல் ஆசிரியராக எதையும் சோதித்துப் பார்த்தே பேசிய ஒருவர், மறந்துபோன படத்தின் ஓரம் விரல் பட்டு வெளுக்குமா என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருப்பீர்கள். விடையும் தெரிந்திருக்கும். அதனால்தான் மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்பே தெரியுமோ என்ற பயம். தெரியும் என்று சொல்லிவிட்டால், வீட்டில் தெரியாமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான் என்று ஆகிவிடும்.

நானும் காவிரிக்கரையில் வளர்ந்தவள்தான். உங்கள் கடிதத்தில் பங்குனி, இளநீர் என்ற இடம் வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். மற்றக் கோயில்களில் பக்தர்கள் சாமிக்காகப் பட்டினி கிடப்பார்கள். அங்கே அம்மனே பக்தர்களுக்காகப் பட்டினி கிடப்பதாக நம்பிக்கை. அந்த நாட்களில் அம்மனுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், பழம். அந்தப் பக்கத்து வீடுகளில் பெண்கள் பலரும் அம்மனோடு சேர்ந்து விரதம் இருப்பார்கள். மண்ணச்சநல்லூர்ப் பெண்ணுக்கு இது தாய்ப்பாலோடு வந்தது.

உங்கள் இணையர் விரதம்தான் இருந்தார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அவருக்கு உண்மையிலேயே வெயில் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் சரியாக அந்த ஒரு மாதம், சரியாக அந்த ஆகாரம், டாக்டரிடம் வர மறுப்பது, பெட்டிக்குள் சமயபுரத்தாள் படம். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் நினைப்பது சரியென்றால், ஒவ்வொரு வருடமும் அவருடைய விரதத்துக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று தெரியும். "அப்படியானால் 31 வருடம் என்னோடு வாழ்ந்தது யார்?" என்று கேட்பீர்கள். துணையை இழந்தவர்களோடு நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். இறந்தபிறகு ஒரு கடிதமோ, கடனோ, ஒரு படமோ கையில் கிடைக்கும்போது துக்கம் முதலிலிருந்து தொடங்கிவிடும். போனவரை மறுபடியும் ஒருமுறை பறிகொடுத்தது போல இருக்கும். கோபமும் வரும். கோபப்பட ஆள் இல்லாதபோது, பக்கத்தில் அவர் சாயலில் யார் இருக்கிறாரோ அவர்மேல் அது இறங்கும். உங்கள் வீட்டில் அது மகள்.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், கசக்கும். "நான் தடுத்ததில்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பேன்" என்கிறீர்கள். நீங்கள் நேர்மையாகத்தான் சொல்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கேட்கக்கூடிய இடத்தில் அவரை வைத்திருந்தீர்களா? கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் தீச்சட்டியோடு தெருவில் வருகிறார். தான் சின்ன வயதிலிருந்து 'ஆத்தா' என்று கூப்பிட்ட பெயரைச் சொல்லி, எங்கே அவள் என்று ஊர் கேட்கிறது. ஓரத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பெண், அடுத்த வெள்ளிக்கிழமை உங்களிடம் வந்து "சமயபுரம் போய்ட்டு வரட்டுமா" என்று கேட்டிருப்பாரா? உங்கள் கோஷம் கோயிலை வைத்து ஏமாற்றுகிறவர்களை நோக்கி எழுந்தது, தெரியும். ஆனால் அன்று அது போய் விழுந்த காதுகளில் ஒன்று உங்கள் வீட்டுக் காது.

வாயால் தடை போடாத வீடுகளிலும் தடை இருக்கும் அய்யா. ஐம்பது வருடம் முன்னால் பக்தி வீடுகளில் ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்தால் வெளியே சொல்ல மாட்டான். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே மனசுக்குள் இல்லை என்பான். உங்கள் வீட்டில் அதுவே திரும்பி நடந்திருக்கிறது. பெரியார் பேசிய பெண்விடுதலையை நீங்கள் மேடையில் நின்று பேசியிருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மனசில் இருப்பதை வைத்துக்கொள்ள ஒரு டிரங்குப் பெட்டியின் அடித்தட்டுதான் கிடைத்தது. இது உங்கள் தவறு. சின்னத் தவறு என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எதிர்த்திசைக்குப் போய்விடுவீர்கள். அவர் உங்களை ஏமாற்றவில்லை. பயந்து அடங்கிய பெண் என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த ராத்திரி உள்ளங்கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவியதும் அதே கைதான். மாரியம்மன் மேலும் உங்கள் மேலும் அவருக்குப் பிரியம் இருந்தது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றது நிலைக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெளியே சொன்னால் நீங்கள் ஒன்றை விடச் சொல்லிவிடுவீர்களோ என்று மட்டும் தோன்றியிருக்கிறது. முழுக்க உங்கள் பக்கம் வந்துவிட்ட ஒரு பெண்ணோடு வாழ்ந்ததாக நினைத்திருந்தீர்கள். கடைசிவரை தன் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை உங்களுக்கு மனசாரத் தந்த ஒருவரோடு வாழ்ந்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் ரத்தத்தில் இல்லை, என் அப்பா ரத்தத்தில் இல்லை, பிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். ரத்தத்தில் வரும் என்பதை எதிர்த்துத்தானே உங்கள் இயக்கமே எழுந்தது! சரி, ஒரு பேச்சுக்கு உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அப்பா, நான், என் மகள், மூன்று தலைமுறை என்று எண்ணுகிறீர்கள். அவளைப் பெற்றவளை எண்ணவே இல்லை. மகளுக்கு வழிவழியாக ஒன்று வந்திருக்கிறது என்றால், அது அம்மா வழி வந்திருக்கலாம். பங்குனியில் அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று உங்களைவிடச் சீக்கிரம் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கலாம். மயானத்தில் உங்கள் காதோடு சூடம் கேட்டாளே, எதற்காகக் கேட்டாள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். தன் பக்திக்கு என்று நீங்கள் நினைத்தீர்கள். அம்மாவுக்கு யாரும் செய்யாத ஒன்றைச் செய்யக் கேட்டிருக்கலாம்.

நம்பிக்கை வழிவழியாக வருவதா, தேர்ந்தெடுப்பதா என்றால், எல்லாருக்கும் முதலில் வருவது வழிவழியாகத்தான். குழந்தைக்குத் தாய்மொழியைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது, வீட்டு நம்பிக்கையும் அப்படியே வந்து சேரும். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் இதைப் பற்றி எழுதினார். வளரும் பருவத்தில் சிலர் பெற்றோர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் அப்படியே தன்னுடையதாக்கிக்கொண்டு உறுதியாக நிற்பார்கள். சிலர் தேடி, அலைந்து, தடுமாறி, பிறகு ஓர் இடத்தில் வந்து நிற்பார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டு பேரும் ஒரே உறுதியோடு இருப்பார்கள். இதில் ஆத்திகம், நாத்திகம் என்ற பேதம் இல்லை. வீட்டில் கொடுத்த கடவுளைக் கேள்வி கேட்காமல் வைத்திருப்பவரும் உண்டு, வீட்டில் கொடுத்த கடவுள் மறுப்பைக் கேள்வி கேட்காமல் வைத்திருப்பவரும் உண்டு.

பெரியாரையே பாருங்கள். அவர் பிறந்தது ஈரோட்டில் பக்தி மிகுந்த வைணவக் குடும்பத்தில். பாகவதர்களும் பண்டிதர்களும் வந்துபோன வீடு. அவர்களைக் கேள்வி கேட்டே வளர்ந்தார். தன் வீட்டு நம்பிக்கைக்கு எதிராக நின்றுதான் அவர் அவரானார். உங்கள் அப்பாவும் அப்படித்தான். சிறை, இருமல், சட்டம் ஏற்காத திருமணம் எல்லாம் அவர் தேர்ந்தெடுத்ததற்கு அவர் கொடுத்த விலை. அந்த விலையின் பலனை நீங்கள் பிறக்கும்போதே பெற்றுக்கொண்டீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா என்பதை நானோ உங்கள் மகளோ சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். 'ஒருவேளை இருக்குமோ' என்று ஒருநாளாவது உங்களுக்குத் தோன்றியதா? மனைவி உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த ராத்திரியிலாவது? தோன்றி, யோசித்து, இல்லை என்றே முடிவு செய்திருந்தால் அது உங்களுடையது, யாரும் பறிக்க முடியாது. தோன்றவே விடாமல் காத்துக்கொண்டிருந்தால், மகள் சொன்னது ஏன் அவ்வளவு சுட்டது என்று உங்களுக்குப் புரியும்.

மகள் சொன்னது முழுக்க நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. எலுமிச்சம்பழத்தை வைத்துக் கிரகணத்தை விளக்கிய ஒருவரைப் பார்த்து, தாத்தா சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரே வரியில் தள்ளியது தப்பு. எனக்குள்ளேருந்து எடுத்தேன் என்பதும் அப்படியே உண்மையாக இருக்காது. அதில் அம்மாவின் பங்கு இருக்கிறது, அதை உங்களிடம் மறைத்திருக்கிறாள் என்றால் அதற்கும் அவள் பதில் சொல்ல வேண்டும். நாலரை மணி முகூர்த்தத்தை உங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டு, பிறந்த நேரத்துக்கு மட்டும் போன் செய்வதும் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மா பெட்டிக்கு அடியில் வைத்திருந்ததை மகள் நெற்றியில் வைத்துக்கொண்டு, தாத்தா படத்துக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறாள். அது உங்களுக்கு அவமதிப்பாகத் தெரிகிறது. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. தனக்குச் சரி என்று பட்டதை யாருக்கும் பயப்படாமல், அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒரு பெண். இந்தத் தைரியம் மண்ணச்சநல்லூரிலிருந்து வந்ததா? சாதி பார்க்காமல் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாளே, அதை எந்தக் கோயிலில் கற்றுக்கொண்டாள்? நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன விஷயம் அது. பத்திரிகையைத் திறந்தால் சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகள் வெட்டுப்பட்டுச் சாகும் செய்தி வருகிற நாட்டில், ஒரு பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய், தயங்கியவர்களிடம் பேசி முடித்திருக்கிறார். மூன்று தலைமுறை உழைப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்களே, உங்கள் அப்பா சிறைக்குப் போனது எதற்கு என்று கேட்டீர்களே. சாதியைக் காப்பாற்றும் சட்டப் பிரிவுகளைத்தானே அவர் எரித்தார்? அந்த வழியில் உங்கள் மகள் உங்களோடுதான் நிற்கிறாள். கூட்டத்துக்குக் கூட்டம் பெரியார், நான் சொல்வதை உங்கள் அறிவு ஏற்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்றுதான் சொன்னார். அவள் பாதியை எடுத்துக்கொண்டாள், பாதியைத் தள்ளினாள்.

கல்யாணத்துக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை. கறுப்புச் சட்டையோடு போங்கள். கும்பிட வேண்டாம், திருநீறு வேண்டாம், அவள் அதைக் கேட்கவும் இல்லை. சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் ஒரே மேடையில் உட்கார்ந்தபோது ஒருவர் காவியைக் கழற்றவில்லை, ஒருவர் கறுப்பைக் கழற்றவில்லை. சிரிக்கிற உறவுக்காரர்களுக்கு, "என் மகள், அவள் இஷ்டம்" என்ற நாலு வார்த்தை போதும். கல்யாணத்துக்கு முன்போ பின்போ உங்கள் தோழர்களை அழைத்து, மாலை மாற்றி, உங்கள் முறையில் நீங்களே வாழ்த்திப் பேச ஒரு மாலை நேரத்தைக் கேளுங்கள். கொடுப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவளைத் திருச்சிக்கு வரச் சொல்லுங்கள், தனியாக. பிறந்த நேரத்தைச் சொல்லுங்கள். ஜாதகத்துக்கு உதவுமோ இல்லையோ, அவள் பிறந்த ராத்திரி என்ன நடந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் எத்தனை மணிவரை நின்றீர்கள், அவளை முதலில் யார் தூக்கியது என்று சொல்லுங்கள். அவள் அம்மாவைப் பற்றி உங்கள் இருவருக்கும் நடுவில் மூன்று வருடமாகப் பேச்சு நடக்கவில்லை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. கூடத்தில் உங்கள் அப்பா படம் மாட்டியிருப்பதாக எழுதினீர்கள். உங்கள் இணையர் படம் மாட்டியிருக்கிறதா என்று எழுதவில்லை.

பிறகு பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் துணியை எடுங்கள். முனையில் காசு முடிந்திருக்கிறது என்றீர்கள். எங்கள் பக்கத்தில் வீட்டில் யாராவது நோயில் விழுந்தால், ஆபத்தில் இருந்தால், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து வேண்டிக்கொள்வார்கள். நல்லபடியாக ஆனதும் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். நாலணா என்றால் பல வருடத்துக்கு முன்னால் முடிந்தது. குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், உங்களுக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். வேண்டியது பலித்தும் செலுத்தப் போகவில்லை, போக முடியவில்லை. அந்த முடிச்சை நீங்கள் அவிழ்க்க வேண்டாம். அப்படியே மகள் கையில் கொடுத்து, யாருக்காக முடிந்தது என்று தெரியுமா என்று கேளுங்கள்.